மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு

சென்னை மீனம்பாக்கத்து விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை ஒட்டிய பலாலி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தூரம், பூமியின் உருண்டை வடிவத்தைக் கருத்திற்கொண்டு கணித முறைப்படி அளந்தால், சுமார் 354 கிலோமீட்டர். பழைய கணக்கில் 220 மைல். அதே மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு அதே முறையில் அளந்து பார்த்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஆகவே ஆகாய மார்க்கத்தில் சென்னைக்கு மதுரையைக் காட்டிலும் யாழ்ப்பாணமே சமீபத்தில் இருக்கிறது. தேசப்படத்தைச் சுவரில் மாட்டித் தினந்தோறும் பார்ப்பவர்கள்கூட இதைக் கேட்டதும் சற்றுத் தயங்குவதுண்டு. நடுவே ஒரு கடலும், அந்தக் கடலின்மேல் ஓர் அரசியல் எல்லையும் வந்துவிட்டால், மனம் தூரத்தைத் தானாகவே பெருக்கிக்கொள்ளுகிறது.

பலாலிக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. மீனம்பாக்கம், பலாலி, கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்கா ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையை ஒட்டி, வடக்கு தெற்காக, நூல் பிடித்தாற்போல் அமைந்திருக்கின்றன. சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் சுமார் 644 கிலோமீட்டர்; பலாலியிலிருந்து கட்டுநாயக்காவுக்குச் சுமார் 289 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பலாலிக்கு உள்ள தூரத்தையும் பலாலியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு உள்ள தூரத்தையும் கூட்டினால், நேரே கொழும்புக்குச் செல்லும் தூரத்தோடு ஒரு சில கிலோமீட்டர் வித்தியாசங்கூட இல்லாமல் ஒத்துப்போகிறது. அதாவது, சென்னையிலிருந்து கொழும்புக்குக் கோடு கிழித்தால் அந்தக் கோடு யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே செல்லும். ஆனால் 1978க்கும் 2019க்கும் இடைப்பட்ட 41 வருஷங்களில், சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லவேண்டிய ஒரு பிரயாணி அந்தக் கோட்டின் கடைக்கோடிவரை தெற்கே சென்று, கட்டுநாயக்காவில் இறங்கி, பிறகு வந்த திசையை நோக்கியே திரும்பி, தரைமார்க்கமாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே பிரயாணம் செய்யவேண்டியிருந்தது; அதுவும் பாதை திறந்திருந்த காலங்களில் மட்டுமே சாத்தியமாயிற்று. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஒரு பிரயாணம் எவ்வாறு அமைந்தது, எவ்வாறு அறுந்தது, எவ்வாறு மறுபடியும் தொடுக்கப்பட்டது என்பதே இங்கே சொல்லப் புகுந்த சரித்திரம்.

ஆகாயக் கப்பலுக்கு முன்னால் பாய்க்கப்பல் இருந்தது. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடலின் அகலம் சுமார் 55 கிலோமீட்டர்தான். வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் கட்டப்பட்ட கப்பல்கள் நாகப்பட்டினம், வேதாரணியம் முதலான சோழநாட்டுக் கரைகளுக்கும், அவற்றுக்கப்பால் பர்மாவுக்கும் சரக்கேற்றிச் சென்று வந்தன. காற்று அனுகூலமாக இருந்தால் ஒரு பகலிலோ ஓரிரவிலோ அக்கரை சேரலாம், பிரதிகூலமாக இருந்தால் நாட்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டும் என்பதே அந்தக் காலத்துப் பிரயாண அட்டவணை. அப்படி இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியின் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால், இந்தக் கடலைப் பலமுறை தாண்டியவர்களே அதில் முன்னணியில் நிற்கக் காண்கிறோம். நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அந்த யாத்திரையின்போதே திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கிடைத்தது. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் ஸ்தாபிக்கப்பட்டபின் அதில் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். அவர்களில் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, பலாலிக்கு அதிக தூரமில்லாத சிறுப்பிட்டியில் பிறந்து, தமிழ்நாட்டில் வாழ்ந்து, கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். இவர்களுக்கெல்லாம் கடல் ஓர் இடையூறாக இருந்ததே தவிர எல்லையாக இருந்ததில்லை.

ரயில் வந்த பிற்பாடு பிரயாணத்துக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. முதலில் தூத்துக்குடிவரை ரயிலும், அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலும் என்ற வழி இருந்தது. 1914ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், தென்னிந்தியாவெங்கும் பிரசித்தி பெற்ற போட் மெயில் பிறந்தது. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால், மறுநாள் தனுஷ்கோடித் துறையில் வண்டியைவிட்டுக் கப்பலில் ஏறி, 20 மைலுக்குச் சற்று அதிகமான கடலைக் கடந்து, தலைமன்னார்த் துறையில் காத்திருக்கும் இலங்கை ரயிலில் அமரலாம். அந்தக் கடலில் நெடுங்காலம் சேவை செய்த இர்வின், கோஷன் என்ற இரு கப்பல்களின் பெயர்களும் பழைய தலைமுறையினருக்கு உறவினர் பெயர்கள்போல் பழக்கமானவை.

யாழ்ப்பாணத்துப் பிரயாணிக்கு இந்த மார்க்கம் ஒரு விசித்திரமான சுற்றாகவே அமைந்தது. அவர் தலைமன்னாரிலிருந்து நேரே வடக்கே செல்ல இயலாது. கொழும்புப் பாதையில் தென்கிழக்காக மதவாச்சி சந்திவரை சென்று, அங்கே வண்டி மாறி, வடபாதையில் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சேரவேண்டும். எழும்பூரில் தொடங்கிய ஒருவர் தம் வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள் 900 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பிரயாணம் செய்திருப்பார்; புறப்பட்டதிலிருந்து மூன்றாம் நாள் விடிந்திருக்கும். ஆகாயத்தில் 354 கிலோமீட்டர் என்று மேலே சொன்ன தூரத்தின் தரைக் கணக்கு இது.

போட் மெயிலைப் பற்றிப் பேசும்போது மண்டபத்தைச் சொல்லாமல் விடலாகாது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சென்றவர்களுக்கு அந்த ரயில் சுகமான நினைவாக இருக்கலாம்; ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட ஏழைத் தொழிலாளிகள், இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையிலேயே நடத்திவந்த மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, வைத்திய பரிசோதனைக்காகப் பல நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டனர். ஒரே கடல், ஒரே கப்பல். ஆயினும் ஒரு பிரயாணிக்கு இரண்டு மணி நேரம், மற்றொருவருக்கு ஒரு வாரம்.

இனி ஆகாயத்துக்கு வருவோம். 1929ஆம் வருஷம் மார்ச் மாதம் 30ஆம் தேதி, இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே ஆகாயத் தபாலைத் தொடங்கியது. லண்டனில் போட்ட கடிதம் ஏழு நாளில் கராச்சி சேர்ந்தது. கராச்சியிலிருந்து தெற்கே வருவதற்கு அப்போது ரயிலைத் தவிர வேறு கதியில்லை. அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் ஜே. ஆர். டி. டாட்டாவும், பிரிட்டிஷ் ஆகாயப்படையில் பணிசெய்து ஓய்வுபெற்ற நெவில் வின்சென்ட்டும். 1932 அக்டோபர் 15ஆம் தேதி காலை, டாட்டா தாமே ஒற்றை எஞ்சின் பூட்டிய ‘பஸ் மாத்’ என்ற சிறு விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து கிளம்பி, ஆமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பிற்பகலில் பம்பாய் ஜூஹூ மைதானத்தை அடைந்தார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை ஏற்றுக்கொண்டு பெல்லாரிவரை பறந்து, இரவு அங்கே தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். இரவில் பறப்பதற்கு வேண்டிய விளக்குகளோ, வழிகாட்டும் வானொலியோ இல்லாத காலத்தில், சூரிய வெளிச்சமே விமானத்தின் கால அட்டவணையை நிர்ணயித்தது. ஆமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின என்பது அந்தப் பிரயாணத்தைப் பற்றி வழங்கும் பிரபலமான செய்தி.

தபால் சென்னைவரை வந்துவிட்டால், அது இலங்கை சேரவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. இலங்கையில் அதற்கு ஏற்ற விமான நிலையம் அப்போது இல்லை. 1934இல் இலங்கை அரசாங்க சபை கொழும்புக்குத் தெற்கே ரத்மலானையைத் தேர்ந்தெடுத்தது. 1935 நவம்பர் 27ஆம் தேதி அந்தப் புதிய நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்து சென்றதே. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிண்டேல்-பிஸ்கோ என்ற ஆங்கிலேயர், டாட்டா ஓட்டிய அதே ‘பஸ் மாத்’ ரகத்து விமானத்தில் அங்கே போய் இறங்கினார். 1938 பிப்ரவரியில் டாட்டாவின் ஆகாயத் தபால் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புவரை நீட்டப்பட்டது. கராச்சியையும் கொழும்பையும் இணைத்த அந்தச் சங்கிலியில் யாழ்ப்பாணத்துக்கு இடமில்லை. காரணம், அங்கே விமானம் இறங்குவதற்கு ஓடுபாதை இல்லை.

ஓடுபாதையைத் தந்தது யுத்தம். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீதும், 9ஆம் தேதி திருகோணமலையின்மீதும் குண்டு வீசின. அதன்பின் இலங்கைத் தீவு முழுவதும் பிரிட்டிஷாருக்கு ஒரு பாசறையாயிற்று. பல இடங்களில் விமானத் தளங்கள் அவசரம் அவசரமாக அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுதான் பலாலியில் அமைந்தது. பலாலி செம்மண் பூமி. கிணற்றுநீர் பாய்ச்சி வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் விளைவித்த குடியானவர்களின் ஊர். பக்கத்தில் மயிலிட்டி என்ற மீன்பிடித் துறை. ஆசிரிய கலாசாலை ஒன்றும் அங்கே பெயர்பெற்று விளங்கியது. அந்தத் தோட்டக் காணிகளின் நடுவே நீண்ட பாதை ஒன்று போடப்பட்டு, பிரிட்டிஷ் ஆகாயப்படையின் ஆவணங்களில் அருகிலுள்ள காங்கேசன்துறையின் பெயரால் வழங்கலாயிற்று. யுத்தம் முடிந்ததும் படை போய்விட்டது, பாதை இருந்தது.

அந்தப் பாதைக்குப் பிரயோஜனம் கண்டது ஏர் சிலோன் என்ற புதிய ஸ்தாபனம். யுத்தத்தில் உபயோகித்துக் கழிந்த டகோட்டா விமானங்கள் உலகெங்கும் மலிவாகக் கிடைத்த காலம் அது; இலங்கை அரசாங்கம் அவற்றில் மூன்றை வாங்கி, சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயரிட்டது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி சீதாதேவி ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்றே அப்போது அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. ஏர் சிலோனின் முதல் சேவையே இதுதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், தனக்கென்று ஒரு விமானக் கம்பெனி தொடங்கிய ஒரு தேசம், முதன்முதலாகத் தொடுக்கவேண்டிய ஊர்கள் என்று கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் கருதியது. இலங்கைக்கும் பாரதத்துக்கும் இடையே கடலைத் தாண்டிய விமானத்துக்குச் சீதையின் பெயரை வைத்தவர் யாராயினும், இராமாயணத்தில் நூறு யோசனை என்று வர்ணிக்கப்பட்ட அந்தச் சமுத்திரத்தை மனத்தில் வைத்தே அப்படிச் செய்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

டகோட்டாவில் இருபது சொச்சம் பிரயாணிகள் அமரலாம். சீரான வேகத்தில் அது மணிக்கு 160 மைலுக்குச் சற்று மேலே செல்லும். அந்த வேகத்தில் 220 மைலைக் கடப்பதற்கு, ஏறுவதும் இறங்குவதும் உட்பட, ஒன்றரை மணி நேரம் போதும். மூன்றாம் நாள் விடியற்காலையில் சேரும் இடத்துக்கு, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி ஒரு பத்திரிகையைப் படித்து முடிப்பதற்குள் போய்ச் சேரலாம் என்ற நிலைமை ஒரே தினத்தில் உண்டாயிற்று. டிக்கெட் வாங்க வசதியுள்ளவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம் என்பதையும் உடனே சொல்லவேண்டும். பெரும்பாலோர் போட் மெயிலிலேயே சென்றார்கள். ஆனாலும், சென்னையில் மருத்துவமும் இஞ்சினீயரிங்கும் படித்த மாணவர்கள், சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் சென்ற நோயாளிகள், கோயில் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்ட நாதஸ்வர வித்துவான்கள், கச்சேரிக்காரர்கள், புத்தக வியாபாரிகள் ஆகியோருக்கு அந்தச் சிறிய விமானம் உபகாரமாக இருந்தது.

இங்கே விமானப் பிரயாண நேரம் என்பது எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று விளக்குவது நல்லது. அட்டவணையில் அச்சிடப்படும் நேரம் விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டுமன்று. சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டைகளை எடுத்த கணத்திலிருந்து, சேருமிடத்தில் மறுபடியும் கட்டை வைக்கும் கணம்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்காக வட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம். நீண்ட பிரயாணங்களில் இந்தச் செலவு பெரிதாகத் தோன்றுவதில்லை. 354 கிலோமீட்டர் போன்ற குறுகிய பிரயாணத்திலோ அதுவே கணக்கின் பெரும்பகுதியாகிவிடுகிறது. ஆகையினால்தான், டகோட்டாவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேகமுடைய இன்றைய ஏடிஆர்-72 என்ற சுழல்விசிறி விமானமும் இதே தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுகிறது. முக்கால் நூற்றாண்டில் விமான சாஸ்திரம் அடைந்த முன்னேற்றம் அத்தனையும் இந்த ஒரு மார்க்கத்தில் சேமித்துத் தந்தது கால் மணி நேரம். அந்த ஒன்றேகால் மணியிலும் விமானம் பெரும்பாலும் சோழமண்டலக் கரையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டே செல்லும். புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் எல்லாம் வரிசையாகக் கடந்தபிறகு, கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட பாக்கு நீரிணையைத் தாண்டுவதற்கு ஏழெட்டு நிமிஷங்களே ஆகும். இரு தேசங்களைப் பிரிக்கும் கடல் அவ்வளவுதான்.

விமானம் வேகமாக வந்த அதே வருஷங்களில், பிரயாணத்தை மெதுவாக்கும் வேறு ஏற்பாடுகளும் வந்தன. 1948இல் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டமும், வருவோர் போவோர் பற்றிய குடிவரவுச் சட்டமும் இயற்றப்பட்டன. அதுவரை அக்கரையும் இக்கரையும் ஒரே முடியின் கீழ் இருந்தபடியால் வற்புறுத்தப்படாமல் இருந்த பாஸ்போர்ட்டும் விஸாவும் அவசியமாயின. பல லக்ஷம் மலைநாட்டுத் தொழிலாளிகள் எந்த நாட்டுக்கும் உரியவர்களல்லாதவர்களாக ஆக்கப்பட்ட துயரம் அந்தச் சட்டங்களின் முதற்பலன். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே அடுத்த வீட்டுக்குப் போவதுபோல் போய்வந்தவர்கள் விஸாவுக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது அதனோடு ஒப்பிட்டால் சிறிய விஷயமே. ஆயினும் பிரயாண நேரத்தைக் கணக்கிடுகிறவன் அதைச் சேர்த்துக்கொள்ளாமல் இருக்கமுடியாது. விமானத்தில் ஒன்றரை மணி, விஸாவுக்குப் பல நாட்கள் என்றாயிற்று.

1964 டிசம்பர் மாதம் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில் வண்டி பிரயாணிகளோடு கடலில் மூழ்கியது. துறையும், ஸ்டேஷனும், ஊரும் போயின. அதன்பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றது. ஆனால் பழைய போட் மெயிலின் ஒழுங்கும் செல்வாக்கும் மீளவில்லை. அந்தக் காலத்தில் ஏர் சிலோன் டகோட்டாக்களுக்குப் பதிலாக ஆவ்ரோ விமானங்களைக் கொண்டுவந்திருந்தது. பலாலி, திருச்சி, சென்னை என்ற ஊர்கள் அதன் அட்டவணையில் இடம்பெற்றிருந்தன. 1970க்குப் பிறகு இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகப் பிரயாணிகள் எடுத்துச் செல்லும் பணத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்தாளர்களில் சிலர் இதை வரவேற்றார்கள் என்பதையும், உள்ளூர்ப் பத்திரிகைகளும் நாடகங்களும் அந்த வருஷங்களில் தழைத்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் இரு கரைகளும் ஒன்றையொன்று வாசிக்கும் பழக்கம் அப்போது தளர்ந்தது என்பதே என் அபிப்பிராயம்.

1978 செப்டம்பர் 7ஆம் தேதி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரத்மலானையில் நின்றுகொண்டிருந்த ஏர் சிலோன் ஆவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. ஸ்தாபனமும் அதன்பின் நீடிக்கவில்லை. 1979இல் ஏர் லங்கா என்ற புதிய கம்பெனி தோன்றி, கட்டுநாயக்காவை மையமாகக் கொண்டு தூரதேசங்களை நோக்கியது. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே இருந்த ஆகாய மார்க்கம் 1978ஆம் வருஷத்தோடு முடிந்தது.

1983இல் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் நேர்ந்தவற்றை விரிவாக எழுத இது இடமன்று. பிரயாணத்தைப் பற்றிய அளவில் மட்டும் சொல்லுகிறேன். இராமேசுவரம் தலைமன்னார்க் கப்பல் நின்றது. ஆயிரக்கணக்கான மக்கள் மன்னார்க் கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் இரவோடிரவாக இராமேசுவரத்துக்கு வந்து இறங்கினார்கள். ஒருகாலத்தில் இலங்கை செல்லும் தோட்டத் தொழிலாளிகள் நிறுத்திவைக்கப்பட்ட அதே மண்டபம் முகாம் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கு இருப்பிடமாயிற்று. 1990இல் கொழும்பு யாழ்ப்பாண ரயில் நின்றது. அதே வருஷத்தில் பலாலியையும் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு ஊர்களையும் விட்டு மக்கள் வெளியேறினர். அவர்களுடைய வீடுகளும் கோயில்களும் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயம் என்ற வேலிக்குள் அகப்பட்டன. விமான நிலையம் முற்றிலும் ராணுவத்தின் கைக்குப் போயிற்று.

அந்த நாட்களில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு விடை கிடையாது. கொழும்புவரை ஒன்றேகால் மணி. அதற்குமேல் அனுமதிப் பத்திரங்களைப் பொறுத்தது. ஏ-9 என்னும் கண்டி வீதி மூடியிருந்தபோது, திருகோணமலையிலிருந்து கப்பலில் செல்லவேண்டும், அல்லது ரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறந்த தனியார் விமானங்களில் இடம் பிடிக்கவேண்டும். 1998 செப்டம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கொழும்புக்குச் சொந்த அலுவலாகச் சென்ற யாழ்ப்பாணத்துச் சாதாரண ஜனங்கள். 2002இல் யுத்த நிறுத்தத்தின்போது ஏ-9 வீதி திறந்தது. 2006இல் மறுபடியும் மூடப்பட்டது. கடிகாரங்கூட அந்தக் காலத்தில் மாறுபட்டது: 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை அரசாங்கம் தன் நேரத்தை முன்னுக்குத் தள்ளிவைத்தது, 2006வரை அது இந்திய நேரத்திலிருந்து விலகியே நின்றது. ஒரே தீர்க்கரேகையில் உள்ள சென்னையும் கொழும்பும், ஒரே சூரியன் உச்சியில் நிற்கும்போது, வேறு வேறு மணி காட்டின. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டமையால், இலங்கைக்குள்ளேயே சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடிகாரத்தைத் திருத்தவேண்டியிருந்தது.

யுத்தம் 2009இல் முடிந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014 அக்டோபரிலும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் திரும்பிவந்தது. 2019 அக்டோபர் 17ஆம் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் தேதி அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர்-72 விமானம் சென்னையிலிருந்து சென்று ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. சில மாதங்கள்தான் அது நடந்தது. 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாக நின்று, 2022 டிசம்பர் 12ஆம் தேதி மறுபடியும் தொடங்கியது. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோ நிறுவனமும் தினசரிச் சேவையை ஆரம்பித்தது. 2025 மார்ச் மாத இறுதியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் விட்டது. திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோட்டுத் தூரம் 185 கிலோமீட்டருக்கும் குறைவு. சர்வதேசப் பிரயாணம் என்று சொல்லப்படுவனவற்றுள் இவ்வளவு குறுகியவை அதிகம் இரா. இவற்றுக்கிடையே, 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பிரயாணிக் கப்பலும் விடப்பட்டது. இடையிடையே நின்றாலும் மறுபடியும் ஓடுகிறது. அதில் ஏறினால் நான்கு மணி நேரம்.

இன்று பலாலிக்கு வரும் விமானங்கள் சுழல்விசிறி விமானங்களாகவே இருப்பதற்குக் காரணம், இப்போது உபயோகத்துக்குத் தகுதியாக்கப்பட்டிருக்கும் ஓடுபாதையின் நீளமே. பெரிய ஜெட் விமானங்கள் இறங்கவேண்டுமானால் பாதையை நீட்டிப் பலப்படுத்த வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லி வருகிறார்கள். அவ்வாறு செய்தால் சென்னையிலிருந்து வருவதற்கு ஒன்றேகால் மணி என்பது ஒரு மணியாகக் குறையலாம். அதைவிட முக்கியமாக, லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் யாழ்ப்பாணத்தவர்கள் வளைகுடா நாடுகளில் விமானம் மாறி நேரே தங்கள் மண்ணில் இறங்க வழி பிறக்கலாம். இது நடக்கவேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

ஆனால் நீட்டப்படும் பாதை யாருடைய நிலத்தில் செல்லும் என்பதையும் கேட்கவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் முதல் ஓடுபாதைக்குத் தோட்டக் காணிகள் போயின. 1990இல் ஊர்களே போயின. வலயத்துக்குள் இருந்த காணிகளில் ஒரு பகுதி சிறிது சிறிதாக உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டிருக்கிறது; மயிலிட்டித் துறைக்கு மீனவர்கள் திரும்பியிருக்கிறார்கள்; செம்மண்ணில் மறுபடியும் வெங்காயம் நடப்படுகிறது. மற்றொரு பகுதி இன்னமும் ராணுவத்தின் வசம் இருக்கிறது. அந்தக் காணிகளுக்குரியவர்களில் பலர் முப்பது வருஷங்களுக்கு மேலாக உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் முகாம்களிலும் இருந்துகொண்டு, பாட்டன் பெயரில் எழுதப்பட்ட உறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஓடுபாதைக்கு அளவு எடுப்பதற்கு முன்னால், இவர்களை அழைத்து, எந்தக் காணி திரும்பும், எந்தக் காணிக்கு என்ன ஈடு கொடுக்கப்படும் என்பதை எழுத்தில் தீர்த்துக்கொடுப்பது அரசாங்கத்தின் முதற்காரியமாக இருக்கவேண்டும். பலாலிக்கு விமானம் வரத்தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு வரவேண்டியிருந்த பதில் அது.